ஒமாஹா போக்கர்: எந்த நான்கு சீட்டோடு இறங்குவது, எவ்வளவு பந்தயம் கட்டுவது

ஒமாஹாவின் விதியை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். எந்தக் கையோடு இறங்குவது, எதைப் பார்த்ததும் வீசுவது, பாட்டில் (நடுவில் சேரும் பந்தயப் பணத்தில்) எவ்வளவு போடுவது என்பதுதான் எளிதில் பிடிபடாது. வரிசையாகச் சொல்லித்தர ஆள் இல்லாமல், இதையெல்லாம் நான் துண்டு துண்டாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஜோடி, ஸ்ட்ரெயிட், ஃபிளஷ், ஃபுல் ஹவுஸ் என்ற வரிசை உங்களுக்குத் தெரியும், ஹோல்டம் கொஞ்சமாவது ஆடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. மேசையில் உட்காரும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் சட்டம். பணம் வைத்துப் போக்கர் ஆடுவது சில நாடுகளில் அனுமதிக்கப்பட்டது, சிலவற்றில் உரிமம் பெற்ற இடங்களில் மட்டும், சிலவற்றில் முற்றிலும் தடை. நீங்கள் இருக்கும் இடத்தில் இன்றைய நிலை என்ன என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. தடை இருக்கும் இடமென்றால் பணமில்லாத பயிற்சி மேசையிலேயே நின்றுகொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள அத்தனையையும் அங்கேயே பழகலாம்.

இரண்டாவது ஆவணம். இணைய மேசைகளில் பணம் போடும்போது பெரிதாக எதுவும் கேட்க மாட்டார்கள். எடுக்கும்போது அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வயதுச் சான்று எல்லாம் கேட்பார்கள். கணக்கில் கொடுத்த பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்தவில்லை என்றால் பணம் அங்கேயே நிற்கும். ஆகவே முதல் ரூபாயோ டாலரோ உள்ளே போகும் முன்பே சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். இன்னொருவர் பெயரில் கணக்கு திறக்கவே வேண்டாம்.

மூன்றாவது, மேசையின் பெயர். ஒமாஹா என்ற பெயரில் வெவ்வேறு ஆட்டங்கள் உண்டு. பாட் லிமிட் ஒமாஹாவில் பெரிய கை முழுப் பாட்டையும் எடுக்கும். ஹை-லோவில் பாட் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி பெரிய கைக்கு, மறு பாதி 8 அல்லது அதற்குக் கீழான ஐந்து வெவ்வேறு சீட்டு சேர்த்தவரின் சிறிய கைக்கு. அங்கே ஏஸ்-2 தங்கம். பாட் லிமிட் ஒமாஹாவில் அந்த 2 பெரும்பாலும் சுமை. ஐந்து சீட்டு கொடுக்கும் ஒமாஹாவும் உண்டு. திரையில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் பெயரை முழுக்கப் படித்துவிட்டு உட்காருங்கள். இனி இங்கே பேசுவது நான்கு சீட்டு, பாட் லிமிட், முழுப் பாட் பெரிய கைக்கு என்ற ஆட்டத்தை மட்டும்.

2. கையிலிருந்து இரண்டு, போர்டிலிருந்து மூன்று

கையில் இருக்கும் நான்கில் சரியாக இரண்டையும், நடுவில் விரியும் ஐந்தில் சரியாக மூன்றையும் சேர்த்துத்தான் உங்கள் கை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஹோல்டமில் பழகிய கண்ணுக்கு இது எளிதில் படியாது. பணம் கைமாறும் மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

போர்டில் நான்கு இஸ்பேட். உங்கள் கையில் இஸ்பேட் ஏஸ் மட்டும் இருக்கிறது, வேறு இஸ்பேட் இல்லை. ஹோல்டமில் இது ஆகப் பெரிய ஃபிளஷ். இங்கே ஃபிளஷே இல்லை.

போர்டு கிங்-கிங்-9-9-4. உங்கள் கையில் கிங்-ஏஸ்-குயின்-ஜாக். மூன்று கிங்கும் இரண்டு 9-உம் சேர்ந்து ஃபுல் ஹவுஸ் போலத் தெரியும். ஆனால் கையிலிருந்து இரண்டு வர வேண்டும் என்பதால் கிங்கோடு ஏஸும் வந்தாக வேண்டும். ஆக உங்களிடம் இருப்பது வெறும் மூன்று கிங். 4-4 வைத்திருப்பவர் மூன்று 4, இரண்டு கிங் என்று உண்மையான ஃபுல் ஹவுஸோடு உங்களை வென்றுவிடுவார்.

போர்டு 10-ஜாக்-குயின்-கிங்-3. கையில் ஏஸ் இருந்தாலும் ஸ்ட்ரெயிட் ஆகாது. ஏஸோடு இன்னொரு 10, ஜாக், குயின், கிங் ஏதாவது கையில் இருந்தால்தான் ஆகும்.

இதற்கு ஒரே மருந்து பயிற்சி. ஒரு சீட்டுக்கட்டை எடுத்து ஐந்து சீட்டை விரியுங்கள். அந்தப் போர்டில் சாத்தியமான ஆகப் பெரிய கை எது, அதற்கு எந்த இரண்டு சீட்டு வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த ஆகப் பெரிய கையைத்தான் நட்ஸ் என்கிறோம். பிறகு நான்கு பேருக்கு நான்கு நான்காகப் போட்டு, யார் வென்றது என்று பாருங்கள். பத்து நொடிக்குள் தயங்காமல் சொல்ல வரும்வரை பண மேசை வேண்டாம். நேரில் ஆடும் இடத்தில் கடைசியில் நான்கு சீட்டையும் திறந்து மேசையில் வைத்துவிடுங்கள். உங்கள் கண்ணுக்குத் தப்பியதை டீலர் பார்ப்பார்.

3. பாட் லிமிட் கணக்கு

கால் தொகைக்கு மேல் ஒரு முறை உயர்த்தக்கூடிய உச்சம், நீங்கள் கால் செய்த பிறகு பாட்டில் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. காலும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று மனக்கணக்குப் போடச் சுருக்கு வழி உண்டு: கடைசியாக வந்த பெட்டை மூன்றால் பெருக்கி, பாட்டில் உள்ள மற்ற பணத்தைச் சேருங்கள். அந்தச் சுற்றில் நீங்களே ஏற்கெனவே போட்டது இருந்தால் அதைச் சேர்க்க வேண்டாம்.

பிளைண்ட் 1-2 என்றால் முதல் ஆளின் உச்ச ரெய்ஸ் 3×2+1, அதாவது 7. ஃபிளாப்பில் பாட் 20, எதிரி 10 கட்டினார் என்றால் உங்கள் உச்சம் 30+20, மொத்தம் 50. நடுவில் ஒருவர் அந்தப் 10-ஐ கால் செய்திருந்தால் 60. நேரில் "பாட்" என்று சொன்னால் டீலரே எண்ணிக் கொடுப்பார். இணையத்தில் பாட் பொத்தானை அழுத்தினால் தானாக வரும். ஆனாலும் எண் உங்கள் மனதில் முன்பே இருக்க வேண்டும். உங்கள் முறை வந்தபின் கிடைப்பது சில நொடிகள்தான்.

இந்தக் கணக்கின் விளைவை ஒரு முறை ஆற அமரப் பாருங்கள். இருவர் மட்டும் மிஞ்சியிருக்க, ஒவ்வொரு சுற்றிலும் முழுப் பாட் கட்டி கால் விழுந்தால் பாட் மூன்று மடங்காகும். ஆளுக்கு 200 வைத்து 1-2 மேசையில் ஆடுகிறீர்கள். நீங்கள் 7 கட்ட, பெரிய பிளைண்ட் கால் செய்ய, சிறிய பிளைண்டின் 1 சேர்ந்து பாட் 15. உங்களிடம் மீதி 193. ஃபிளாப்பில் 15, டர்னில் 45, ரிவரில் 135, கூட்டினால் 195. அதாவது ஃபிளாப்பில் போடும் அந்தச் சின்னப் பதினைந்தே உங்கள் மொத்த ஸ்டாக்கையும் உள்ளே இழுக்கும் பாதையின் முதல் படி. லிமிட் இருக்கிறது, பெரிதாகப் போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

4. தொடக்கச் சீட்டைத் தேர்ந்தெடுத்தல்

இதுதான் ஆட்டத்தின் பாதி. நான்கு சீட்டிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் ஆறு சேர்க்கைகள். ஆறு பேர் மேசையில் மொத்தம் 36 சேர்க்கைகள் சுற்றுகின்றன. ஹோல்டமில் வெறும் ஆறு. அதனால்தான் ஹோல்டமில் பாட்டை அள்ளிக் கொடுக்கும் இரண்டு ஜோடியும் கிங் ஃபிளஷும் இங்கே அடிவாங்குகின்றன. உங்கள் கையைப் பார்த்ததும் "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்பதை விட்டு, "இது எந்த நட்ஸாக மாறும்" என்று கேளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் தோளை விலக்கினால் மற்ற மூவருக்கும் சுமை ஏறும். கையும் அப்படித்தான். ஏஸ்-கிங்-குயின்-ஜாக் என்றால் ஆறு சேர்க்கையும் வேலை செய்யும். குயின்-ஜாக்-10-2 என்றால் அந்த 2 மூன்று சேர்க்கைகளைக் கெடுத்துவிடும். நீங்கள் பாதிக் கையோடு மற்றவர்களின் முழுக் கையை எதிர்க்கிறீர்கள். பார்க்க அழகாகத் தெரியும் பல கைகள் இந்த ஒட்டாத நான்காவது சீட்டால்தான் கெடுகின்றன.

அடுத்தது சூட். இரண்டு ஒரு சூட், மற்ற இரண்டு வேறொரு சூட் என்றால் டபுள் சூட்டட், அதுவே சிறந்தது. இரண்டு மட்டும் ஒரே சூட் என்றால் பரவாயில்லை. நான்கும் நான்கு சூட் என்றால் கையின் மதிப்பு சட்டென்று இறங்கும். நான்கும் ஒரே சூட் என்பதைப் பார்த்துப் புதியவர்கள் மகிழ்ந்துபோவார்கள். ஃபிளஷுக்கு இரண்டு போதும். மிச்ச இரண்டும் உங்களுக்கு வர வேண்டிய சீட்டுகளைக் கையிலேயே பூட்டி வைத்திருக்கின்றன. ஃபிளஷ் என்றால் ஏஸ் இருக்கும் சூட்டையே நம்புங்கள். ஏஸ் இல்லாத சூட்டை ஒரு துணைப் பலமாக மட்டும் எண்ணுங்கள்.

இனி வகைகள்.

*ஏஸ் ஜோடி.* ஏறத்தாழ 40 கைக்கு ஒரு முறை வரும். ஏஸ்-ஏஸ்-கிங்-கிங், ஏஸ்-ஏஸ்-ஜாக்-10 இரண்டும் டபுள் சூட்டட் என்றால் இந்த ஆட்டத்தின் உச்சியில் இருப்பவை. ஆனால் ஏஸ்-ஏஸ்-7-2, நான்கும் நான்கு சூட்? அதன் முன் டபுள் சூட்டட் 9-8-7-6 வந்து நின்றால் நிலவரம் பாதிக்குப் பாதியை நெருங்கிவிடும். ஹோல்டமில் ஏஸ் ஜோடி தரும் நிம்மதியை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஃபிளாப் விழுந்து மூன்றாவது ஏஸ் வரவில்லை என்றால் அது ஒரு ஜோடி மட்டுமே.

*தொடர் சீட்டுகள்.* கிங்-குயின்-ஜாக்-10 முதல் 9-8-7-6 வரை அடுத்தடுத்து வரும் கைகள். புதியவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இவற்றைத்தான். ஃபிளாப்பில் நிலைமை தெளிவாகத் தெரியும்: ஒன்று பலமாகப் பிடிக்கும், இல்லையென்றால் எளிதாக வீசிவிடலாம். இடையில் ஓர் எண் விடுபட்டால் அது கீழே விடுபடுவது நல்லது. ஜாக்-10-9-7 என்பது ஜாக்-9-8-7-ஐ விட மேல், ஏனென்றால் மேலே நெருக்கமாக இருக்கும் சீட்டுகள்தான் நட் ஸ்ட்ரெயிட்டைத் தரும். 5-4-3-2 போன்ற அடிமட்டத் தொடர்கள் ஸ்ட்ரெயிட் ஆனாலும் மேல் ஸ்ட்ரெயிட்டிடம் தோற்கும். அவற்றைத் தொடாதீர்கள்.

*பெரிய ஜோடியும் துணையும்.* கிங்-கிங்-குயின்-ஜாக், குயின்-குயின்-ஜாக்-10, ஜாக்-ஜாக்-10-10. கையில் ஜோடி இருந்தால் ஃபிளாப்பில் செட், அதாவது அதே எண் போர்டில் வந்து மூன்றாவது, விழ ஏறத்தாழ எட்டில் ஒரு வாய்ப்பு. மீதி ஏழு முறை ஜோடி எதற்கும் ஆகாது. துணைச் சீட்டுகள்தான் காப்பாற்ற வேண்டும். கிங்-கிங்-8-3 நான்கு சூட்டாக வந்தால் அதில் காப்பாற்ற ஆளில்லை.

*சூட்டட் ஏஸும் தொடரும்.* ஏஸ்-10-9-8, ஏஸுக்குத் துணையாக ஒரே சூட்டில் இன்னொன்று. நட் ஃபிளஷ், ஸ்ட்ரெயிட் என்று இரண்டு வழி திறந்திருக்கும்.

வீச வேண்டியவை: ஒரே எண் மூன்று கையில் வந்தால், அது மூன்று ஏஸ் ஆனாலும் எச்சரிக்கை, கிங்-கிங்-கிங்-4 என்றால் யோசிக்காமல் வீசுங்கள், உங்களுக்கு வேண்டிய கிங்கில் மிச்சம் ஒன்றுதான் இருக்கிறது. 4-4, 5-5 போன்ற சின்ன ஜோடியோடு ஒட்டாத இரண்டு சீட்டு. இது கட்டும் செட் பெரும்பாலும் மேசையின் மிகச் சிறிய செட்டாகவே இருக்கும். ஜாக்-8-5-3 போல எங்கும் ஒட்டாதவை.

சந்தேகம் வந்தால் மூன்று கேள்வி. சூட்டட் ஏஸ் இருக்கிறதா? நான்கும் ஒன்றையொன்று தொடுகின்றனவா? பெரிய ஜோடி இருக்கிறதா? இரண்டுக்கு "ஆம்" என்றால் ஆடலாம். ஒன்றுக்கு மட்டும் என்றால் பட்டனில், அதாவது கடைசியில் பேசும் இடத்தில், இருந்தால் பார்க்கலாம். ஒன்றுமில்லை என்றால் வீசுங்கள். நான்கும் தொடுவதோடு டபுள் சூட்டடாகவும் இருந்தால் அந்த ஒரு "ஆம்" இரண்டுக்குச் சமம்.

5. இடம்

எல்லோரும் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுக் கடைசியில் பேசுபவர் பட்டனில் இருப்பவர். ஒமாஹாவில் இந்த அனுகூலம் ஹோல்டமை விடப் பெரிது, ஏனென்றால் ஒவ்வொரு புதுச் சீட்டுக்கும் நட்ஸ் மாறுகிறது. ஆறு பேர் மேசையில் முதல் இடத்தில் ஆறேழு கைக்கு ஒன்று, பட்டனில் மூன்றுக்கு ஒன்று என்று தொடங்குங்கள். இது என் அளவு. ஆட ஆட நீங்கள் விரித்துக்கொள்ளலாம்.

சிறிய பிளைண்டில் "பாதி ஏற்கெனவே போட்டாச்சே" என்று நுழைவது பெரிய பொறி. விலை மலிவு, ஆனால் ஃபிளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் முதலில் பேச வேண்டியவர் நீங்கள். அங்கே மேலே சொன்ன மூன்று கேள்வியில் இரண்டு "ஆம்" இல்லாமல் நுழையாதீர்கள்.

6. ஃபிளாப்புக்கு முன் பந்தயம்

நல்ல கையென்றால் ரெய்ஸ் செய்து நுழையுங்கள். வெறும் கால் செய்து நுழைந்தால் பின்னால் நான்கைந்து பேர் வருவார்கள். அத்தனை பேருக்கு நடுவே நட்ஸ் தவிர வேறெதுவும் நிற்காது. எல்லாக் கைக்கும் ஒரே அளவு ரெய்ஸ் வையுங்கள். ஏஸ் ஜோடிக்கு முழுப் பாட், தொடருக்குக் குறைவு என்று பழகிவிட்டால் கவனிக்கும் எதிரிக்கு உங்கள் கை திறந்த புத்தகம்.

ஏஸ் ஜோடியை எப்போது மறுபடி உயர்த்துவது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். துணை நன்றாக இருந்தால் எப்போதும் உயர்த்தலாம். துணை மோசமான வறட்டு ஏஸ் என்றால் ஸ்டாக்கைப் பாருங்கள். அதே 200 ஸ்டாக். எதிரி 7 கட்ட நீங்கள் உச்சமாக 24 ஆக்கினால், ஸ்டாக்கில் எட்டில் ஒரு பங்குதான் உள்ளே போயிருக்கிறது. அவர் கால் செய்தால் பாட் 51, உங்களிடம் மீதி 176. கையில் ஏஸ் என்று அவர் ஊகித்துவிட்டார். அவரிடம் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. இது நல்ல பேரமே அல்ல, அதுவும் முதலில் பேசும் இடத்தில் இருந்தால். மாறாக நீங்கள் 7 கட்டி, எதிரி 24 ஆக்கி, நீங்கள் 75 ஆக்க முடிந்தால் கதை வேறு. கால் விழுந்தால் பாட் 153, மீதி 125. ஃபிளாப் எதுவானாலும் பெரும்பாலும் மிச்சத்தையும் போட்டுவிடலாம். ஸ்டாக்கில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே போகும் என்றால் வறட்டு ஏஸோடு உயர்த்துங்கள்; இல்லையென்றால் அமைதியாகக் கால் செய்துவிட்டு ஃபிளாப்பைப் பாருங்கள்.

7. ஃபிளாப்

ஃபிளாப்பில் மூன்று கேள்வி மட்டும்: இப்போது நட்ஸ் எது, என்னிடம் அது இருக்கிறதா, இல்லையென்றால் அதற்குப் போகும் வழி எத்தனை?

வழியை எண்ணுவதில்தான் சூட்சுமம். ஃபிளாப் 9-8-2, மூன்றும் மூன்று சூட் என்று வையுங்கள்.

உங்களிடம் ஏஸ்-குயின்-ஜாக்-10. எந்தக் குயின், ஜாக், 10 அல்லது 7 வந்தாலும் ஸ்ட்ரெயிட். மொத்தம் 13 சீட்டு. அந்தப் பதின்மூன்றும் நட்ஸ்.

உங்களிடம் ஏஸ்-7-6-5. எந்த 10, 7, 6, 5 வந்தாலும் ஸ்ட்ரெயிட். இதுவும் 13. ஆனால் 5 வந்தால் மட்டுமே அது நட்ஸ். அப்படிப்பட்ட சீட்டு மூன்றே மூன்று. மற்ற பத்தும் உங்களை ஸ்ட்ரெயிட்டில் உட்காரவைத்துவிட்டு, மேல் ஸ்ட்ரெயிட்காரரிடம் ஸ்டாக்கைக் கொடுக்கச் சொல்லும்.

உங்களிடம் ஜாக்-10-7-6. இப்போது குயின், ஜாக், 10, 7, 6, 5 எல்லாமே ஸ்ட்ரெயிட். மொத்தம் 20 சீட்டு; ஃபிளாப்பில் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய ஸ்ட்ரெயிட் டிரா (இன்னும் ஒரு சீட்டு வந்தால் கட்டும் நிலை) இதுதான். அதில் 14 நட்ஸ், ஜாக்கும் 10-உம் சேர்ந்த ஆறு மட்டும் இரண்டாம் தரம்.

இரண்டு சீட்டு வர இருக்கையில் 13 வழி இருந்தால் ஏறத்தாழ 50 சதவீதம், 20 வழி இருந்தால் ஏறத்தாழ 70 சதவீதம் ஸ்ட்ரெயிட் கட்டுவீர்கள். இது கட்டும் வாய்ப்பு, வெல்லும் வாய்ப்பு அல்ல. எதிரியிடம் செட் இருந்தால், நீங்கள் ஸ்ட்ரெயிட் கட்டிய பிறகும் போர்டில் ஜோடி விழுந்து அவர் ஃபுல் ஹவுஸ் ஆகலாம். செட்டிலிருந்து ரிவருக்குள் ஃபுல் ஹவுஸோ அதற்கு மேலோ ஆக ஏறத்தாழ 35 சதவீத வாய்ப்பு. ஃபிளாப்பில் இரண்டு சீட்டு ஒரே சூட் என்றால், அந்தச் சூட்டில் வரும் உங்கள் வழிகளையும் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

நட்ஸ் கையில் இருந்தாலும் ஒரு பொறி உண்டு. ஃபிளாப் 9-8-7, இரண்டு ஹார்ட்டின். உங்களிடம் ஜாக்-10-4-3, ஹார்ட்டின் இல்லை. இப்போதைய நட்ஸ் உங்களிடம்தான். எதிரியிடம் குயின்-ஜாக்-10-உம் ஹார்ட்டின் ஏஸும் இருந்து, அந்த மூன்றில் ஒன்று ஹார்ட்டினாகவும் இருந்தால்? அவரிடமும் அதே ஸ்ட்ரெயிட். ஆனால் ஹார்ட்டின் வந்தாலோ ஜாக் அல்லது 10 வந்தாலோ அவர் உங்களைத் தாண்டிவிடுவார். நீங்கள் அவரைத் தாண்ட வழியே இல்லை. உங்களுக்கு ஆகக் கூடியது பாதிப் பாட். அவருக்கு முழுப் பாட்டும் சாத்தியம். ஆகவே ஃபிளாப்பிலேயே மொத்த ஸ்டாக்கையும் போடும் முன், நட்ஸுக்குப் பின்னால் இன்னொரு டிரா உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கால் செய்து, டர்ன் பாதுகாப்பாக விழுந்த பிறகு பணத்தைப் போடலாம்.

போர்டின் கீழ் இரண்டு எண்ணில் கட்டிய இரண்டு ஜோடியோடு பெரிய பாட் ஆடாதீர்கள். ஏஸ் ஜோடியை மட்டும் வைத்து மூன்று நான்கு பேரை எதிர்த்து முழுப் பாட் கட்டாதீர்கள். ஒருவரை மட்டும் எதிர்க்கும்போது போர்டு காய்ந்ததாக, அதாவது கிங்-7-2 போல எதுவும் ஒட்டாமல் இருந்தால் பாட்டில் பாதி கட்டிப் பார்க்கலாம். கூட்டம் இருந்தால் வெறுங்கையோடு மிரட்டுவதைப் புதியவர்கள் அடியோடு விட்டுவிடுங்கள்.

8. டர்னும் ரிவரும்

டர்னில் விலைக் கணக்கு மாறுகிறது. முழுப் பாட் பெட்டை கால் செய்ய உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீத வெற்றி வாய்ப்பு வேண்டும். பாதிப் பாட் என்றால் 25 சதவீதம். டர்னுக்குப் பின் நீங்கள் பார்க்காத சீட்டு 44. ஃபிளாப்பில் பொன்னாகத் தெரிந்த 13 வழி இப்போது 44-இல் 13, அதாவது 30 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. முழுப் பாட்டுக்கு அது போதாது. கட்டிய பிறகு எதிரி இன்னும் பணம் தருவார் என்று நம்ப இடமிருந்தால் மட்டும் கால் செய்யலாம். ஒன்பது வழி உள்ள ஃபிளஷ் டிரா தனியாக இருந்தால் 20 சதவீதம்தான், வீசிவிடுங்கள். இருபது வழி என்றால் 45 சதவீதம், தயங்க வேண்டாம்.

ரிவரில் போர்டு ஜோடியானால் ஸ்ட்ரெயிட்டும் ஃபிளஷும் ஒரு படி இறங்கிவிட்டன என்று கொள்ளுங்கள். சிறிய பிளைண்ட் மேசைகளில் ரிவரில் முழுப் பாட் ரெய்ஸ் வந்தால், நான் அதை நட்ஸ் என்றே எடுத்துக்கொள்வேன். இரண்டாவது பெரிய ஃபிளஷைப் பிடித்துக்கொண்டு "ஏமாற்றுகிறாரோ" என்று கால் செய்வது இந்த ஆட்டத்திலேயே அதிகச் செலவு வைக்கும் பழக்கம். வீசக் கை வராது, வீசத்தான் வேண்டும்.

ஒரு சூட்டின் ஏஸ் மட்டும் கையில் இருந்தால் நட் ஃபிளஷ் வேறு யாரிடமும் இல்லை என்று உறுதி. அதை வைத்து மிரட்டுபவர்கள் உண்டு. அப்படி ஒன்று நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள், முதல் சில மாதங்களுக்கு நீங்கள் செய்ய வேண்டாம்.

9. செலவு

மேசையில் வழக்கமான தொடக்கம் 100 பெரிய பிளைண்ட். 1-2 மேசைக்கு 200. ஆனால் உண்மையான செலவு அதுவல்ல. இரு கைகளுக்கு இடையிலான வித்தியாசம் இந்த ஆட்டத்தில் குறைவு என்பதால் ஏற்ற இறக்கம் கடுமை. நன்றாக ஆடியும் பல தொடக்கத் தொகைகளை அடுத்தடுத்து இழப்பது சாதாரணம். எனவே ஆட்டத்துக்கென்று தனியாக ஒதுக்கிய பணம் குறைந்தது 50 தொடக்கத் தொகை இருக்க வேண்டும். 100 இருந்தால் நிம்மதி. அவ்வளவு இல்லையென்றால் பிளைண்ட்டைக் குறையுங்கள்.

மேசை நடத்துபவர் ஒவ்வொரு பாட்டிலும் எடுக்கும் ரேக் அடுத்த செலவு. பொதுவாக 5 சதவீத அளவில், ஓர் உச்சவரம்போடு இருக்கும். 40 பாட்டில் 2 போய்விடும். ஒமாஹாவில் அதிகம் பேர் ஃபிளாப் பார்ப்பதால் பாட்டும் பெருகும், ரேக்கும் பெருகும். உட்காரும் முன் சதவீதத்தையும் உச்சவரம்பையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லையில் நிற்கும் கைகளை வீசச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடன் வாங்கிய பணம், வாடகைப் பணம், கட்டணம் கட்ட வைத்த பணம் எதுவும் மேசைக்கு வரக் கூடாது. ஒரு நாளில் மூன்று தொடக்கத் தொகை போனால் எழுந்துவிடுங்கள். இழந்ததை எடுக்கவேண்டும் என்று பெரிய பிளைண்ட் மேசைக்கு மாறத் தோன்றினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று கொள்ளுங்கள். அப்படித் தோன்றுவது அடிக்கடி நடந்தால், பண ஆட்டத்தை நிறுத்திவிட்டு நெருங்கிய ஒருவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். இதைக் கடமைக்காகச் சொல்லவில்லை.

10. நேரமும் குறிப்பேடும்

முதல் இரண்டு மூன்று வாரம் சீட்டுக்கட்டோடும் பணமில்லாத மேசையிலும். பிறகு இருப்பதிலேயே சிறிய பிளைண்ட் மேசையில் ஒரே ஒரு மேசை. ஒரு அமர்வு ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் வேண்டாம். நான்கு சீட்டையும் ஆறு சேர்க்கையாகப் பார்க்கும் கண் அதற்குள் சோர்ந்துவிடும்.

ஒரு நோட்டில் தேதி, பிளைண்ட், கொண்டுபோனது, கொண்டுவந்தது, ஆடிய நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். கூடவே அன்று குழப்பிய இரண்டு கைகள்: என் நான்கு சீட்டு, போர்டு, பாட் அளவு, நான் கட்டியது, அப்போது நட்ஸ் எது. மறுநாள் தெளிந்த மனத்தோடு அந்த இரண்டையும் சீட்டுக்கட்டை விரித்து மறுபடி பாருங்கள். வழிகளை எண்ணி, அதில் நட்ஸ் எத்தனை என்று பக்கத்தில் எழுதுங்கள். நேர் மேசையில் மணிக்கு ஏறக்குறைய 25 கைதான் ஓடும் என்பதால், சில வார லாப நட்டத்தைப் பார்த்து உங்கள் ஆட்டத்தை எடைபோட வேண்டாம். நோட்டில் எழுதிய அந்தக் குழப்பிய கைகளைப் பாருங்கள். நட்ஸ் அல்லாத வழிகளுக்குப் பணம் கட்டியவை அவற்றில் குறைந்துகொண்டே வந்தால், அடுத்த பிளைண்டைப் பற்றி யோசிக்கலாம்.